அத்தானின் கடிகாரம் பத்திரமாக வருகிறது

குவாங்சோ,
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வாய்-லுன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும், கடையும், கடைக் கூட்டாளி சாவ்-ஹானும் நலம். ஹாங்காங்கில் தாங்களும் அக்காவும் கல்யாணப்பெண் கா-யானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் கைக்கடிகாரமும் நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படவும்.

நகல் செய்ய மாதிரியாக அதைக் கொடுக்கும்போது தாங்கள் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது. "ஞாயித்துக்கிழமை கல்யாணம். சம்பந்தி குவான் அசல் கடிகாரக் கடை வச்சிருக்கார். கை குலுக்கும்போதே மணிக்கட்டைத்தான் பாப்பார். என் மானம் உன் கையில இருக்கு. பின்மூடியைத் தொட்டே, கையை ஒடிப்பேன்." நான் தொடவில்லை. தங்களுடையதைத் தாங்கியில் வைத்துக்கொண்டு, பட்டறையிலிருந்து வரும் நகல்களை ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் பார்த்தேன். முள் நேராக நிற்கிறதா, தேதி கட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டே நாளில் அசல் எனக்கு மனப்பாடம். செவ்வாய்க்கிழமை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலை செய்தேன் என்றால் பாருங்களேன். அன்று நகல் தட்டில் ஒன்றுக்குத் தேதி மயிரிழை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. "எந்தக் குருடன்டா இதைக் கோத்தான்?" என்று கத்திவிட்டுக் கழிசல் பெட்டியில் போட்டேன். கழிசலை மலிவாக வாங்க வடக்கேயிருந்து வந்த வியாபாரி ஒருவர் அதை அப்போதே எடுத்துக்கொண்டு போனார். இப்படிக் கறாராக இருப்பதால்தான் இந்தத் தெருவில் எனக்குப் பேர்.

மதியம் கஞ்சி குடித்துவிட்டு வந்து பார்த்தால் தாங்கி காலி! சாவ்-ஹானைக் கேட்டால், "காலையில மேசையைத் துடைக்கும்போது எடுத்து நகல் தட்டுல வச்சேன். உனக்குத்தான் கழுகுக் கண்ணாச்சே, பாத்து எடுத்துக்கோ"ங்கறா. தட்டுல ஏழு இருக்கு அத்தான், ஏழும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி. நம்பரைப் பாருடாம்பீங்க. அதையும் உங்களுதைப் பாத்தே பொறிச்சுட்டோமே! பின்மூடியைத் திறந்து பாக்கத்தான் நீங்க விடலையே! கல்யாணத்துல உங்க தலை குனிஞ்சா அக்கா என் முகத்துல முழிப்பாளா? எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. சாவ்-ஹான்தான் வழி சொன்னா. எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியும், சரக்கை அனுப்பறதுக்கு முன்னாடி வாங்கறவங்களுக்குப் படம் அனுப்பணும். அவங்க அதை இணையத்துல இருக்கற அவங்க குழுவுல போட்டு, கோடு கிழிச்சு, கோணம் அளந்து தீர்ப்பு சொல்லுவாங்க. பெண் பார்க்க வர்ற மாமியார்கூட அவ்வளவு நொட்டை சொல்ல மாட்டா. ஏழையும் படம் எடுத்து அனுப்பினோம். ஒண்ணுக்கு முள் குட்டை, இன்னொண்ணுக்கு எழுத்து தடிப்பு. அஞ்சாவதைப் பாத்து மட்டும் அத்தனை பேரும் ஒரே குரலா, "இதுல குறையே இல்லை"ன்னுட்டாங்க. "குறையே இல்லைன்னா அதான் அசல்"ன்னா சாவ்-ஹான். இதைவிட நியாயம் வேற என்ன வேணும்?

ஆகவே அந்த ஐந்தாவதை நேற்றே பார்சலில் அனுப்பிவிட்டேன். தைரியமாகக் கட்டிக்கொள்ளுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். கா-யானும் மாப்பிள்ளையும் தலை நரைத்த பிறகும் ஒரே மேசையில் உட்கார்ந்து காலைத் தேநீர் குடிக்கட்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
யிப் வாய்-லுன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அந்த வடக்கத்தி வியாபாரி வந்து நிற்கிறார். "கழிசலுக்கும் ஒரு அளவு வேணாமா? தேதி இப்படிச் சாயுது, எவனும் தொடமாட்டேங்கறான்" என்று கடிகாரத்தை மேசையில் வைத்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க சரக்கு உள்ளே எப்படி இருக்குன்னு பாருய்யா" என்று பின்மூடியைத் திறந்தேன். அத்தான், உள்ளே இருப்பது எங்கள் சரக்கு இல்லை. தாங்கள் தொடக்கூடாது என்று சொன்ன மூடியைத்தான் திறந்திருக்கிறேன். ஆனாலும் பதற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் அனுப்பியதையே கட்டிக்கொண்டு போங்கள். தங்களுடையதைக் கட்டிக்கொண்டு போனால், சம்பந்தி தேதியைப் பார்த்ததுமே நகல் என்று சொல்லிவிடுவார்.