ஹாஜியாருக்கு எப்படித் தெரியும்?

என் வாழ்நாளில் நான் ஒரு துளி மதுவும் குடித்ததில்லை. ஆனால் தயாரித்திருக்கிறேன். மூன்று சுவைகளில், பதினெட்டுப் போத்தல்கள், உம்மாவின் கட்டிலுக்குக் கீழே வைத்து. அதில் ஒன்றை ஒரு மௌலவியின் கிளாசிலும் ஊற்றியிருக்கிறேன். அல்லாஹ் மன்னிப்பவன். மாமியார் வீட்டில் அந்தளவு தாராளம் கிடையாது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஊர் பாலமுனை. வேலை பொத்துவில் பக்கம் கடற்கரையோரக் கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில். சாய்ந்தமருதில் சிபானா என்று ஓர் ஆசிரியை. என் தங்கச்சியோடு ஒன்றாகப் படித்தவள். அவளுக்கும் எனக்கும் விருப்பம். அவளுடைய வாப்பாவுக்குத்தான் விருப்பமில்லை. ஹாஜியார் பெரிய வெள்ளாமைக்காரர். "அரசாங்க உத்தியோகம் இல்லாத மாப்பிள்ளைக்கு என்ட வளவுக்குள்ள இடமில்ல" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பிவிட்டார். (எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். ஆகவே இடமில்லை என்றால் நிஜமாகவே இடமில்லை.)

நான் பிடிவாதக்காரன். உத்தியோகம் இல்லாவிட்டால் என்ன, ஹாஜியார் வாயைப் பிளக்கும்படி சொந்தமாக ஒரு தொழில் காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் சபதம் போட்டேன். என்ன தொழில் என்பதுதான் தெரியவில்லை.

அதைக் காட்டித் தந்தவர்கள் கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி. அவர்களுடைய நாட்டில் சொந்தத் திராட்சைத் தோட்டம், சொந்த வைன். போனில் வீடியோ காட்டினார்கள். மரநிழலில் நீளமான மேசை. பகல் சாப்பாட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். ஒவ்வொரு சாப்பாட்டோடும் அதற்குப் பொருத்தமான ஒரு கிளாஸ் வருகிறது. கிளாஸைச் சுற்றி ஆட்டுகிறார்கள், மூக்கை உள்ளே விட்டு மணக்கிறார்கள், அதன் பிறகுதான் குடிக்கிறார்கள். "நாங்கள் மருந்தும் அடிப்பதில்லை, எதையும் கலப்பதும் இல்லை. பழமும் பொறுமையும் மட்டும்தான்" என்றார் அந்தக் கிழவர்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வைனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழச்சாற்றை வை. எங்கள் வளவில் நாவல் மரம் நிற்கிறது, விளாமரம் நிற்கிறது, அன்னாசி கிடக்கிறது. சாப்பாட்டுக்கு உம்மா இருக்கிறார். முழுக்க முழுக்க ஹலால்! கிழவரிடம் நூறு கேள்வி கேட்டேன். கேட்காமல் விட்ட ஒரே கேள்வி, பழச்சாறு எப்படி வைனாக மாறுகிறது என்பது. (அது நமக்கெதற்கு என்று விட்டேன். மார்க்கப் பற்று.)

பழங்களைப் பிழிந்து, வடித்து, கழுவிய போத்தல்களில் நிரப்பி, மூடியை இறுக்கி, மேலே மெழுகும் உருக்கி ஊற்றினேன். உம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சிச் சீனி போட்டு வை மகன். சும்மா கிடந்தாப் புளிச்சிரும்."

"உம்மா, இது சேதனம். ஒண்டும் சேர்க்கப்படாது. காய்ச்சவும் படாது. நாப்பது நாள் பொறுமையா இரிக்கணும்."

"சேதனம் எண்டு மட்டும் ஹாஜியாருக்கு முன்னால சொல்லிராத. அடிப்பார்."

உம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. யூரியாவை நிறுத்தி, சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம்தான் போட வேண்டும் என்று அரசாங்கம் பிடிவாதமாக நின்ற அந்தப் போகத்தில் எங்கள் பக்கத்து வெள்ளாமை படுத்த படுக்கையானது. அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே ஹாஜியார் மண்வெட்டியைத் தேடுவாராம்.

இருபதாம் நாள் பகல், உம்மா லுஹர் தொழுதுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். கீழே 'டப்' என்று வெடித்தது. உம்மா எழும்பி ஓடிய வேகத்தை அதற்கு முன்னும் நான் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"ஜின் மகன்! கட்டிலுக்குக் கீழ ஜின்!"

"ஜின் இல்ல உம்மா. சாறு பக்குவப்படுது."

மொத்தம் மூன்று போத்தல் வெடித்தது. வேறொருவனாக இருந்தால் அந்த இடத்தில் யோசித்திருப்பான். நானோ மிச்சப் பதினைந்தையும் ஈரச் சாக்கால் சுற்றிவைத்து, 'மூடியையே உடைக்கிறதே, என்ன சத்து!' என்று சந்தோஷப்பட்டேன்.

இதற்கிடையில் சிபானாவின் உம்மா புருஷனோடு மல்லுக்கு நின்று, ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று சம்மதிக்க வைத்திருந்தார். சரியாக நாற்பத்திரண்டாம் நாள் மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். ஹாஜியார், அவருடைய மனைவி, ஹாஜியாரின் தம்பியான மௌலவி, மூன்று பேர். ஹாஜியாரின் மனைவி எங்கள் உம்மாவோடு அறைக்குள் இருந்தார். அறை வாசலில் திரையாகச் சீலை தொங்கியது. ஆண்களுக்கு ஹோலில் மேசை.

மேசையைப் பார்த்ததும் மௌலவியின் முகம் வாடியது. "சஹன் இல்லையா தம்பி?" என்றார். எங்கள் விருந்தென்றால் பெரிய தாம்பாளம் நிறையச் சோறு வைத்து, சுற்றி இருந்து ஒன்றாகச் சாப்பிடுவதுதான் வழமை.

"இல்ல மௌலவி. இண்டைக்குத் தனித்தனிப் பீங்கான், தனித்தனிக் கிளாஸ். இது புது முறை" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று பிரசங்கம் பண்ணத் தொடங்கினேன். நாவற்சாறு இறால் பொரியலுக்கு. அன்னாசிச்சாறு மாட்டிறைச்சிக்கு. விளாம்பழச்சாறு வட்டிலப்பத்துக்கு. வெளிநாட்டுக்காரர்கள் பொத்துவிலிலிருந்து வேன் பிடித்து வந்து எங்கள் வளவில் சாப்பிடப்போகிறார்கள். (அதுவரைக்கும் ஒரு வெளிநாட்டுக்காரனிடமும் நான் இதைச் சொல்லியிருக்கவில்லை.) ஹாஜியார் தாடியைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். மூஞ்சியில் எந்த மாற்றமும் இல்லை.

முதல் போத்தலை எடுத்து மெழுகைச் சுரண்டி மூடியைத் திருகினேன். பாதி திருகும்போதே மூடி என் கையை விட்டுப் பாய்ந்து, ஹாஜியாரின் தொப்பியை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்து விழுந்தது. ஊதா நிற நுரை பொங்கி இறால் முழுவதும் வழிந்தது.

"மாஷா அல்லாஹ்! நல்ல வேகம்" என்றார் மௌலவி.

"இயற்கைச் சோடா" என்றேன் நான், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

மிச்சத்தை எல்லோருக்கும் ஊற்றி, அறைக்குள்ளும் இரண்டு கிளாஸ் அனுப்பினேன். "ஒருத்தரும் இன்னும் குடிக்கப்படாது. முதல்ல சுத்தி ஆட்டுங்க. பொறகு மணந்து பாருங்க. அதுதான் முறை."

எல்லோரும் மணந்தார்கள். சீலைக்குப் பின்னால் உம்மாவின் குரல் கேட்டது. "அப்பத்துக்குக் கரைச்சு வெச்ச மா மாதிரி இரிக்கி." ஹாஜியாரின் மனைவி, "எனக்கென்டா அழுகின பலாப்பழம் மாதிரி மணக்குது கா" என்றார். மௌலவி 'பிஸ்மில்லாஹ்' என்று கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார்.

"வாயில வைக்காத! கீழ வை! இது வெறித்தண்ணி!"

கத்தியது ஹாஜியார். கதிரை பின்னால் விழுந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். கல்யாணம், தொழில், மானம் எல்லாம் ஒரே போத்தலில் போனது. மூன்று வருடமாக சிபானாவுக்காகக் காத்திருந்தவன் கடைசியில் அவளுடைய வாப்பாவுக்குக் குடி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால் என்னை ஒருவரும் பார்க்கவில்லை. மௌலவி வாயைத் திறந்தபடி அண்ணனான தன் காக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சீலைக்குப் பின்னாலிருந்து அமைதியாக ஹாஜியாரின் மனைவியின் குரல் வந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "வாசிச்சிருக்கன்."

"மணத்தை வாசிக்கிற புத்தகமும் இரிக்கா?"

"ஆஸ்பத்திரியில ஊசி போடக்குள்ள பஞ்சால தேய்க்கிற இல்லையா? அந்த மணம்."

"பஞ்சில நாவற்பழம் மணக்குமா?"

இந்த இடத்தில் மௌலவி உதவிக்கு வந்தார். பாவம், நல்ல மனிதர், கள்ளம் கபடம் தெரியாதவர். "காக்கா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்க. சும்மா சந்தேகத்தில ஒரு பொருள ஹராம் எண்டு சொல்லப்படாது. அறிஞ்ச ஒராள் உறுதியாச் சொல்லணும். உங்களுக்கு உறுதியில்ல எண்டா, புள்ள ஆசையாச் செஞ்சிரிக்கான், நான் குடிச்சிர்றன்."

சொல்லிவிட்டு மறுபடி கிளாஸைத் தூக்கினார்.

ஹாஜியாரின் நெற்றியில் வேர்வை அரும்பியதை நான் பார்த்தேன். 'தெரியாது' என்றால் அவருடைய மானம் தப்பும். தம்பி, மார்க்கம் படித்த மனிதன், ஹராத்தைக் குடித்துவிடுவான். 'தெரியும்' என்றால் தம்பி தப்புவான். சீலைக்கு அந்தப் பக்கம் இவர் கதை முடிந்தது. கிளாஸ் மௌலவியின் உதட்டுக்கு நாலு விரல் தூரத்தில் நின்றது.

"குடிக்காத" என்றார் ஹாஜியார். "எனக்கு உறுதியாத் தெரியும்."

அவ்வளவுதான். யாரையும் பார்க்காமல் எழுந்து பின்பக்கம் கிணற்றடிக்குப் போய்விட்டார். எனக்கு அந்த நேரத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் முட்டாள்தனத்துக்கு ஊர் மதிக்கிற ஒரு மனிதர் தலைகுனிந்து போகிறார். நானும் பின்னால் போனேன்.

வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"பத்தொன்பது வயசு தம்பி. வயல் காவலுக்குப் போற காலம். கூட்டாளிமார் கொண்டு வந்தானுகள். பொறகு ஹஜ்ஜில போய் அழுது தௌபா செஞ்சிட்டன். அவ அறியமாட்டா." இன்னொரு வாளி அள்ளிவிட்டு, "ஒரு தரம்தான்" என்றார்.

"எத்தனை தரம் எண்டு நான் கேட்கல்லயே, ஹாஜியார்."

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். "ஓம். நீ ஒராள்தான் கேட்கல்ல" என்றார்.

அந்தப் பார்வையில் எனக்குள் வீரம் பொங்கிவிட்டது. இந்த மனிதரைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவெடுத்து விறுவிறுவென்று ஹோலுக்குள் வந்து சீலைக்கு முன்னால் நின்றேன்.

"மாமி, ஹாஜியார்ல ஒரு பிழையும் இல்ல. அவர் வந்த உடனே நான்தான் பின்பக்கம் கூட்டிப் போய், ஒரு போத்தலைத் திறந்து காட்டி, இது வெறித்தண்ணி மாதிரி மணக்குது எண்டு சொன்னன். அப்படித்தான் அவருக்குத் தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அதாவது, வெறித்தண்ணி என்று நன்றாகத் தெரிந்துகொண்டே மௌலவிக்கு ஊற்றியிருக்கிறேன். மௌலவி தன் கதிரையை என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். உள்ளே உம்மா "யா அல்லாஹ்!" என்றார்.

சீலையின் ஓரம் கொஞ்சம் விலகியது.

"தம்பி, நாங்க வந்து இறங்கின நேரம் துவக்கம் நான் இந்தச் சீலை இடுக்கால உங்களைத்தான் பாத்துக்கொண்டிரிக்கன். மாப்பிள்ளை பாக்கத்தானே வந்த? நீங்க ஒரு நேரமும் அவரப் பின்பக்கம் கூட்டிப் போகல்ல."

நான் மேசையில் சிந்தியிருந்த நுரையைத் துடைக்கத் தொடங்கினேன்.

"உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியா, என்ன?"

"ஓம் மாமி."

"முப்பது வருஷமா நல்லாப் பொய் சொல்லத் தெரிஞ்ச ஒராளோட இரிந்துட்டன். என்ட மகளாவது நிம்மதியா இரிக்கட்டும்." பிறகு உம்மாவின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். "ராத்தா, கல்யாணத்துக்கு நாள் குறிப்பம்."

கிணற்றடியில் வாளி விழுந்த சத்தம் கேட்டது.

மிச்சப் பதினான்கு போத்தல்களையும் உம்மா மலசலகூடக் குழியில் ஊற்றினார். கறிவேப்பிலை மரத்தடிக்குக்கூட விடவில்லை. மேசை விருந்தை நான் கைவிடவில்லை. இன்று உண்மையாகவே பொத்துவிலிலிருந்து வேன் வருகிறது. சாற்றை உம்மா காய்ச்சிச் சீனி போட்டுத்தான் தருகிறார். சேதனம் என்று நான் வாயே திறப்பதில்லை.

மாமியார் வீட்டில் நான் எதை ஊற்றினாலும் முதல் கிளாஸ் மாமாவிடம் போகும். அவர் மணந்து தலையாட்டாமல் குடும்பத்தில் ஒருவரும் வாய் வைக்கமாட்டார்கள். மௌலவி வந்திருந்தால் தலையாட்டிய பிறகும் வைக்கமாட்டார். இது ஊருக்குத் தெரிந்த பகிடி. ஊருக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. பொய் சொல்லத் தெரியாதவன் என்று மாமியிடம் நான் அன்றைக்கு வாங்கிய பட்டம் இன்னும் செல்லுபடியாகிறது. மாமாவுக்கு இப்போது சீனி வருத்தம், இனிப்பே ஆகாது. போன பெருநாளைக்கு அடுக்களைக்குள் வந்த மாமி தொதல் தட்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு என்னிடம் திரும்பினார்.

"மருமகன், மாமா தொதல் தின்டாரா?"

மாமா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்.

"இல்ல மாமி" என்றேன், உறுதியாக.

"எத்தனை துண்டு?"

"மூண்டு."

மாமா வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "உத்தியோகக்காரனுக்கே குடுத்திரிக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.