மிளகுக்கும் சீட்டு வேண்டும்

இனி என் கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டில் ஒரு மிளகுகூட அசையக் கூடாது என்று போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முடிவெடுத்தேன்.

காரணம் உண்டு. நன்றாகத் தூக்கம் வரும் என்று எவனோ போனில் சொன்னதை நம்பி, அதற்கு முந்தின வாரம் இரண்டு ஸ்பூன் ஜாதிக்காய்ப் பொடியைப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. மனைவி இரண்டு பேராக வந்தாள். ஒருத்தியையே சமாளிக்க முடியாதவன் நான். அலறிவிட்டேன்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "சமையலுக்குச் சிட்டிகை போடுற சாமானை ஸ்பூன்ல அள்ளிச் சாப்பிடுவாங்களா சார்?"

வேறு யாராக இருந்தாலும் இனிமேல் வாயைக் கட்ட வேண்டும் என்று புரிந்துகொண்டிருப்பார்கள். நான் புரிந்துகொண்டது, வீட்டில் கட்டுப்பாடு போதாது என்று. நான் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். ஒரு ஆணி வேண்டுமென்றாலும் இருநூறு பேர் என்னிடம் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்து நிற்பார்கள். வீட்டில் டிவி ரிமோட்டுக்கு நான் காத்து நிற்கிறேன். ஒரே ஒரு விஷயத்திலாவது என் பேச்சு எடுபட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஏக்கம்.

எது எவ்வளவு போட்டால் நல்லது, எவ்வளவு போட்டால் கெடுதல் என்று மனைவிக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். பிறகு அஞ்சறைப்பெட்டியைத் தூக்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தேன்.

"எது வேணும்னாலும் சீட்டு எழுதிக் குடு. அளந்து தரேன்."

"சரிங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் சண்டை இல்லாமல் வந்த முதல் 'சரிங்க'. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முதல் சீட்டு வந்தது. கடுகு, கால் ஸ்பூன், தாளிக்க.

"தேதி போடலையே?"

"அடுப்புல எண்ணெய் புகையுதுங்க!"

"புகையட்டும். தேதி எங்கே?"

தேதி போட்டுக்கொண்டு வந்தாள். அடுத்து சீரகம். அடுத்து மஞ்சள். மத்தியானத்துக்குள் முப்பத்தோரு சீட்டு. கிராம்பை ஸ்கேல் வைத்து அளந்து கொடுத்தபோது எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் ஆரம்பித்தாள்.

"ஏங்க, பட்டை அதிகமானா கல்லீரலுக்கு ஆகாதுன்னீங்களே. எவ்ளோ போடலாம்?"

"சின்னத் துண்டு."

"சின்னதுன்னா எவ்ளோ சின்னது? எனக்கென்ன தெரியும்? நீங்களே வந்து போட்டுட்டுப் போயிடுங்க."

போட்டேன்.

"மஞ்சளோட மிளகு சேர்ந்தாதான் உடம்புல ஒட்டும்னீங்களே. எப்போ சேர்க்கறது?"

சேர்த்தேன்.

"வெந்தயம் சர்க்கரையைக் குறைக்குமாம். நீங்களோ சர்க்கரைக்கு மாத்திரை போடுறவரு. ரெண்டும் சேர்ந்து ஒரேயடியா இறக்கிட்டா? அந்தப் பாவம் எனக்கெதுக்குங்க? கரண்டி உங்க கையிலேயே இருக்கட்டும்."

என் உயிர் மேல் இவ்வளவு அக்கறையா! எனக்குக் கண் கலங்கிவிட்டது. கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை என் மேஜை சமையலறைக்குள் வந்தது. புதன்கிழமை வெங்காயமும் என் இலாகாவில் சேர்ந்தது. வியாழக்கிழமை அவள் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு சீட்டு அனுப்பினாள். சாப்பாடு, ஒரு தட்டு, பசிக்கு. தேதி சரியாகப் போட்டிருந்தாள். அளந்து பரிமாறினேன்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, உன் வீட்டுக்காரர் அடுப்படியில நிக்கறார்?"

"அவருக்கு எல்லா அளவும் அத்துப்படிக்கா. நான் குறுக்கே நிக்கறதில்லை."

சனிக்கிழமை சரணடைந்தேன்.

"இந்தா, சாவி. புத்தி கெட்டுப்போய் எடுத்துட்டேன். நீயே வச்சுக்கோ."

"வாயால சொன்னா செல்லாதுங்க. எழுதிக் குடுங்க."

ராஜினாமா எழுதி நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"மூணு மாச நோட்டீஸ்ங்க. இப்போ போங்க, பருப்பு அடிப்பிடிக்குது."