நான்கு விசைகளும் ஒரு ராஜினாமாவும்

ஒட்டாகோ,
பிப்ரவரி ஒன்பது

ஆடு ஓட்டும் நாய்களுக்கான போட்டிச் சங்கத்தின் தலைவரும், என் மனைவி நெட்டியின் அண்ணனும், ஆகையால் எனக்கு இரண்டு வழியிலும் மேலதிகாரியுமான யூவன் மச்சான் அவர்களுக்கு,

டூகல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், நெட்டி, முந்நூறு ஆடுகள் யாவரும் நலம். தங்கள் புது இடுப்பு மூட்டும் தங்கள் மனைவி ஐலீனின் ரோஜாச் செடிகளும் நன்றாக ஊன்றிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். நிற்க. மார்ச் மாதப் போட்டிக்கு நடுவராக இருக்க என்னால் இயலாது. பத்தொன்பது வருஷம் இருந்தாயிற்று. இக்கடிதத்தையே என் ராஜினாமாவாக ஏற்றுக்கொள்ளவும்.

காரணம் கேட்பீர்கள். நடுவரே களத்தில் உட்கார்ந்து மதிப்பெண்களைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும் என்று புது விதி போட்டது நீங்கள்தான். போன ஜூனில் பக்கவாதம் வந்ததிலிருந்து என் வலது கையால் சட்டைக் கையை நிரப்புவதைத் தவிர வேறு உபயோகம் இல்லை. மவுஸைப் பிடித்தால் திரையில் அம்புக்குறி குடிகாரன் மாதிரி அலைகிறது. நாக்கும் தடித்துப்போச்சு, நாயை ஏவும் சீழ்க்கையும் வருவதில்லை. ஜெஸ் இருக்கிறதே, குட்டியிலிருந்து நான் பழக்கிய நாய், எட்டு மாதமாக என் குரலுக்குக் காதைக்கூட அசைப்பதில்லை. நான் கூப்பிட்டால் நெட்டியின் முகத்தைப் பார்க்கிறது, 'இந்த ஆள் என்ன சொல்றார்?' என்று. சொந்த நாய்க்கே புரியாதவன் ஊரான் நாய்க்கு மதிப்பெண் போடுவதா? வெட்கமாக இருக்கிறது மச்சான், சொல்லிவிட்டேன்.

ஆனாலும் முயற்சி செய்யாமல் இல்லை. எனக்குக் கைப்பயிற்சி கொடுக்க வரும் அம்மாள்தான், "மவுஸே வேணாம் ஐயா, பிரௌசர்ல எந்த வேலைக்கு எந்த விசைன்னு நீங்களே வெச்சுக்கலாம், அழுத்தும்போது சத்தமாச் சொல்லுங்க, நாக்குக்கும் நல்லது" என்று வழி காட்டினாள். சரியென்று இடது கைக்கு எட்டுகிற நாலு விசையைப் பிடித்தேன். நாய்க்குச் சொல்லும் ஏவலையே வைத்தால்தான் எனக்கு மறக்காது. 'க்யூ' அழுத்தினால் "இடமா சுத்து", முந்தின பக்கம் வரும். 'டபிள்யூ' என்றால் "வலமா சுத்து", அடுத்த பக்கம். 'எஸ்' என்றால் "நட", பக்கம் கீழே இறங்கும். 'ஏ' என்றால் "போதும், வா", பக்கம் மூடிக்கொள்ளும். கடைசியில் பிரௌசர் ஒரு கேள்வி கேட்டது: எழுதும் கட்டங்களுக்குள்ளும் இவை வேலை செய்யட்டுமா? ஒரு வயலில் வேலை செய்து அடுத்த வயலில் படுத்துத் தூங்குகிற நாயை எவனாவது வைத்துக்கொள்வானா? டிக் போட்டேன்.

அங்கேதான் பிடித்தது சனி. பழகிப் பார்க்கலாம் என்று போன வருஷப் போட்டியாளர் பட்டியலைப் பார்த்து முதல் பெயரை எழுத 'ஏ' அழுத்தினேன், பக்கமே மூடிக்கொண்டது. திறந்தேன், அழுத்தினேன், மூடியது. 'ஏ' இல்லாத பெயர் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை பேருக்கு இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்! நெட்டி எட்டிப் பார்த்து, "இத்தனை வேலிக் கதவை மூடினவர் நீங்க, இது ஒண்ணு மூடினதுக்கா இந்தக் கத்தல்?" என்றாள். மூணு வாரம் காலையும் மாலையும் கத்திக் கத்திப் பழகினேன். நேத்து வியாழக்கிழமை டீ நேரத்தில் "இடமா சுத்து!" என்று சொல்லி விசையைக் குத்தினேன் பாருங்க, மேசைக்கடியில் கிடந்த ஜெஸ் விருட்டென்று எழுந்து மேசையை இடமாகச் சுத்த ஆரம்பிச்சிடுச்சு. கம்ப்யூட்டர் வயர் அதன் காலோடு போச்சு, வயரோடு டீப்பாட் போச்சு, டீப்பாட்டோடு ஒரு தட்டு ஸ்கோன் ரொட்டியும் போச்சு. "நில்லு!" என்று அலறினேன், அது கொட்டின டீயிலேயே சப்பென்று படுத்துடுச்சு. "போதும், வா!" என்றேன், வந்து என் காலடியில் உட்கார்ந்து ஸ்கோனைத் தின்னுது. கம்ப்யூட்டர் வயரில் தொங்குது. நெட்டி வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், கண்ணில் தண்ணீர். கல்யாணத்துக்கு வந்த டீப்பாட்டுக்காக அழறாளா, என்னைப் பார்த்துச் சிரிக்கிறாளா, ஒண்ணும் புரியலை. இதுக்கு மேல் என்ன அவமானம் வேணும்? போதும் மச்சான், விட்டுடுறேன்.

தங்கள் ஆடுகளுக்குக் கால்புண் வராமலும், கத்தரித்த கம்பளி வண்டியேறிய பிறகே மழை வரும்படியும் வேண்டிக்கொண்டு,

இடது கையால்,
டூகல்

பி.கு.: உறையை ஒட்டுமுன் நெட்டி வாங்கிப் படித்தாள்.

"ஜெஸ் டீப்பாட்டை உடைச்சதுன்னு மட்டும் எழுதியிருக்கீங்க?"

"பின்னே? உடைச்சதுதானே?"

"அட, என் சமத்து! நான் வாயே திறக்கலியே. சுத்துன்னீங்க, சுத்துச்சு. நில்லுன்னீங்க, நீங்க பழக்கினபடியே படுத்துச்சு. வான்னீங்க, வந்துச்சு. எட்டு மாசம் கழிச்சு உங்க குரலுக்கு! எனக்கு டீப்பாட்டா பெரிசு?"

உறையை அப்படியே மேசையில் வைத்தேன். பிறகு பின்வயலுக்குப் போய்ப் பன்னிரண்டு ஆடுகளை விட்டுப் பார்த்தோம். சீழ்க்கை இல்லாமல், வெறும் வாய்ச் சொல்லில், பன்னிரண்டையும் பட்டிக்குள் கொண்டுவந்தது ஜெஸ்.

ஆகவே, ராஜினாமா அப்படியே இருக்கட்டும், காரணத்தை மட்டும் அடித்துவிடுங்கள். நடுவர் போட்டியிடக் கூடாதாமே, அந்த விதியும் நீங்கள் போட்டதுதான். கட்டத்துக்குள் வேலை செய்யும் அந்த டிக்கை எடுத்துவிட்டு, ஜெஸ்ஸையும் என்னையும் போட்டியாளர் பட்டியலில் நானே பதிந்துவிட்டேன். வேறு நடுவரைப் பாருங்கள். நான் சொல்வது அவருக்குப் புரியாமல் போகலாம். ஜெஸ்ஸுக்குப் புரிகிறது.