ஜாபஸ் மேஜைக்கு வந்த பெரணி

தளதளவென்று வந்த பெரணிச் செடி, மூன்றே நாளில் நுனி கருகி ஜாபஸை முறைத்தது.

மேனேஜர் திருமுருகன் தன் கையாலேயே தூக்கிவந்து வைத்த செடி. "இது ஹைபிரிட், ஜாபஸ். குட்டி போடாது. போனா போனதுதான், பாத்துக்குங்க."

மாதக் கடைசியில் ஆள்குறைப்புப் பட்டியல் வரப்போகிறது. அம்பத்தூர் எஸ்டேட் ஆபீஸின் ஐந்தாவது மாடியில் நாற்பது பேர் நகம் கடித்துக்கொண்டிருக்க, இவனை மட்டும் நம்பி ஓர் உயிர். செடி பிழைத்தால் வேலை பிழைக்கும் என்று ஜாபஸ் முடிவு கட்டினான். அன்றிலிருந்து அவனுக்கு வேலை எதுவும் வரவில்லை. செடிக்கு நேரம் ஒதுக்கித் தருகிறார்கள் என்று நெகிழ்ந்தான்.

"ஏசி காத்துக்குக் காயுது மச்சான். தண்ணி ஊத்து," என்றான் பக்கத்து இருக்கை கிரண்.

வேளைக்கு ஒரு பாட்டில் ஊற்றினான். இலை மஞ்சளாகி, தொட்டியில் சாக்கடை வாடை அடித்தது.

"ஓவரா ஊத்திட்ட. வெயில்ல வை."

மொட்டைமாடியில் வைத்தான். சித்திரை வெயில் பாதிச் செடியை அப்பளமாகப் பொரித்துக் கொடுத்தது.

"சத்து இல்ல மாமே. டீ ஊத்து."

ஆபீஸ் மெஷினில் சர்க்கரை போட்ட டீதான் வரும். அதையே ஊற்றினான். எறும்பு வந்தது. எறும்புக்கு மருந்தடித்தான். எறும்பு கிரண் மேஜைக்குக் குடிபோனது; செடிக்குப் போக இடமில்லை.

முத்தாபுதுப்பேட்டை வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவன் அம்மா செடிக்காக விண்ணப்பம் வைத்தாள். பாஸ்டர் கண்ணீரோடு ஜெபித்தார். மறுநாள் மிச்சமிருந்த ஒற்றைப் பச்சை இலையும் உதிர்ந்தது.

அன்றுதான் மாதக் கடைசி. தரை கூட்ட வந்த தாயம்மாளை ஜாபஸ் மறித்தான்.

"அக்கா, மேனேஜர் கேட்டா நேத்துவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லுங்கக்கா. செடி செத்துச்சுன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்."

தாயம்மாள் உதிர்ந்த இலைகளை நிதானமாக முறத்தில் அள்ளினாள்.

"செடி செத்ததுக்கு வேல போவாது நைனா. லிஸ்ட்ல பேரு ஏறினவங்களுக்குத்தான் அந்தச் செடியே வரும். கடைசி மாசம் சும்மா குந்திகினு கெடக்கக் கூடாதுல்ல."