வான்மதியின் டிபென்டென்ட்

"நீ ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு. அப்ப நான்?"

"நீங்க என் டிபென்டென்ட்ப்பா."

"அப்படீன்னா?"

"என் தயவுல இருக்கறவர்னு அர்த்தம். டாக்ஸ் ஃபார்ம்ல மட்டும்தான்."

"ஈரோட்டுல ஒரு சப்ஸ்டேஷனையே மேய்ச்சவன் கண்ணு நானு" என்று சொல்லிவிட்டு, குமாரசாமி அன்றைக்குத் தயிர்சாதத்தைக்கூட வேண்டாமென்று எழுந்து போய்விட்டார்.

அது போன வருஷம். இந்த வருஷம் மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமையொன்றில், பக்கத்து ஊரான மான்மவுத் ஜங்ஷனில் அரியரட்ணம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தபோது வான்மதிக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. இன்றைக்காவது அப்பா வாயைத் திறக்காமல் இருக்க வேண்டுமே என்று எல்லாச் சாமிகளையும் கும்பிட்டுக்கொண்டாள்.

காரணம் இருந்தது. பிளெய்ன்ஸ்பரோவில் அவர்கள் குடியிருந்தது இரண்டாவது மாடியில். மூட்டுவலியோடு அப்பா படியேறுவதைப் பார்க்கச் சகிக்காமல், கீழேயே படுக்கையறை உள்ள ஒரு டவுன்ஹவுஸைப் பேசி வைத்திருந்தாள். முன்பணத்தில் கொஞ்சம் துண்டு விழுந்தது. கல்யாணமாகாத வான்மதி அப்பாவை வைத்துக் காப்பாற்றும் குடும்பத் தலைவி என்று இந்த முறையும் கணக்குக் காட்டினால் வரி குறையும்; திரும்பி வரும் பணம் அந்தத் துண்டை அடைத்துவிடும்.

அரியரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர். அந்த வட்டாரத் தமிழர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் வரிக் கணக்கு எழுதுகிறவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"ஐயாவுக்கு வருமானம் ஒண்டும் இல்லைத்தானே, பிள்ளை?"

"இல்லவே இல்ல அங்கிள்."

"இருக்குதுங்க" என்றார் குமாரசாமி.

வான்மதி வெடுக்கென்று திரும்பினாள்.

"நம்ம காம்ப்ளெக்ஸ்ல புதுசா வந்த பொண்ணுங்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கறேனுங்க. புருஷன்காரன் சொல்லிக் குடுத்தா மொத சிக்னல்லயே சண்டை வந்துருது. நான்னா கத்தமாட்டேன் பாருங்க."

"நீங்க வாக்கிங் போறீங்கன்னுல்ல நெனச்சிட்டிருக்கேன்! காசா வாங்கறீங்க?"

"நானெங்க கேட்டேன்? டெஸ்ட்டுல பாஸாயிட்டா தட்டுல வெத்தல பாக்கு, ஆப்பிள், ஒரு கவரு வெச்சுக் கால்ல விழறாங்க. வேண்டாம்னா அழுதுபோடுவாங்க கண்ணு."

வான்மதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அங்கிள், அது குருதட்சிணை! கிஃப்ட்டு! கிஃப்ட்டுக்குத்தான் கணக்குக் கிடையாதே?"

"வெத்திலைக்குக் கிடையாது. ஆப்பிளுக்கும் கிடையாது. கவருக்கு உண்டு. படிப்பிச்சதுக்கு வந்த காசு கூலிதான். அது ஒரு அளவைத் தாண்டினால் ஐயா உங்கட டிபென்டென்ட் இல்லை. நீங்களும் குடும்பத் தலைவி இல்லை."

"எங்க தாண்டப் போகுது? ரெண்டு மூணு பேர் இருப்பாங்க. இல்லப்பா?"

"ரெண்டு மூணா!" குமாரசாமிக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். "மேல்வீட்டு சண்முகப்ரியா, அவ நாத்தனா, லாண்டரி ரூம் பக்கத்துல இருக்கற தெலுங்குப் பொண்ணு, அதோட ஓரகத்தி..."

வான்மதி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். அவரோ மூட்டு வலிக்குது கண்ணு என்று காலை நகர்த்திக்கொண்டு மேலும் எண்ணினார். அரியரட்ணத்தின் கால்குலேட்டர் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடி வாங்கியது.

"அளவுக்கு மயிரிழை கீழ நிக்குது. இனி ஒரு ஆள் வந்தாலும் சரி, முடிஞ்சுது."

"ஒருத்தங்க இருக்காங்க" என்றார் குமாரசாமி. "வருஷம் பூராவும் வந்தாங்க. இந்த பேரலல் பார்க்கிங் மட்டும் பிடிபட மாட்டேங்குது."

"வருஷம் பூராவா?" டவுன்ஹவுஸ் அவள் கண்முன்னே பொலபொலவென்று இடிந்து விழுந்தது. "யாருப்பா அந்த மண்டு?"

சமையலறையில் கரண்டி ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"மண்டுன்னெல்லாம் சொல்லாத கண்ணு." அவர் குரல் இறங்கிவிட்டது. "அவங்ககிட்ட மட்டும் நான் காசு வாங்கலீங்க."

"ஏன் வாங்கேல்லை?" கணக்கர்களுக்கே உரிய சந்தேகத்தோடு கேட்டார் அரியரட்ணம்.

"வாங்கத் தோணலீங்க."

"அப்பத் தப்பிவிட்டியள்! ஐயா டிபென்டென்ட்தான்."

வான்மதி நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டாள். ஆனால் குமாரசாமியின் முகம்தான் ஏனோ தொங்கிப் போயிற்று.

"ஒரு சந்தேகமுங்க. நான் வேற வீட்டுல குடியிருந்தேன்னா?"

"தாய் தகப்பனுக்கு அது பிரச்சினை இல்லை. அந்த வீட்டுச் செலவிலும் பாதிக்கு மேல பிள்ளை குடுத்தாக் காணும், அது போதும்."

"கல்யாணம் ஆயிப்போச்சுன்னா?"

"கலியாணமெண்டால் வேற கதை, ஐயா. எல்லாம் மாறிப் போயிடும்."

வான்மதிக்குப் பொறுமை அறுந்தது. "அப்பா! இங்கயுமா? வந்த எடத்துலயும் என் கல்யாணத்த இழுக்கணுமா? வேண்டாம்னு எத்தன தடவ சொல்லிட்டேன்! உங்களுக்கு வேற நெனப்பே கெடையாதா?"

குமாரசாமி சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு மேசைவிரிப்பில் பிரிந்திருந்த ஒரு நூலை ரொம்பக் கவனமாகப் பிடுங்க ஆரம்பித்தார்.

அரியரட்ணத்தின் தங்கை ராஜராணி தேநீர்த் தட்டோடு வந்தார். கணவர் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்து இருப்பவர். கோயிலில் பார்த்தால் வான்மதியைப் பார்த்து ஒரு புன்னகை, அவ்வளவுதான் பழக்கம். தட்டை வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வான்மதிக்கு நேரெதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த மண்டு நான்தான், பிள்ளை. பார்க்கிங் எனக்கு எப்பவோ வந்திட்டுது. வராத மாதிரி இருந்தனான். இவர் உங்களிட்டக் கேப்பார், கேப்பார் எண்டு பாத்துப் பாத்துக் களைச்சுப் போனன். இனி நானே முறையாக் கேக்கிறன்" என்றார் ராஜராணி. "உங்கட அப்பாவை எனக்குக் கட்டித் தருவியளோ?"