ரோலர் அக்கா தூங்கிய பெங்களூர்

பெங்களூரின் இரவு வாழ்க்கையைத் தூங்கியே சுற்றிப் பார்த்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். பல்கலைக்கழக விடுதியில் என் அடுத்த கட்டிலுக்கு உரியவர். அவருடைய இயற்பெயரை விரிவுரையாளர்கள் மட்டும் அறிவார்கள். எங்களுக்கு அவர் ரோலர் அக்கா.

பெயருக்குக் காரணம் உண்டு. அக்கா வளர்ந்தது, தேயிலைத் தொழிற்சாலையின் சுவரை ஒட்டிய லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். கொழுந்தை உருட்டும் ரோலர் இயந்திரம் சுவருக்கு அப்பால் இரவு முழுவதும் உறுமும்; அதை ஓட்டியவர் அவருடைய தந்தை. அந்த உறுமலில் தொட்டில் பிள்ளைமுதல் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். இயந்திரம் நின்றால் கொழுந்து கெட்டுவிடும்; ஆகையால் அது நின்ற கணத்தில் லயமே எழுந்து உட்காரும். அக்காவுக்குச் சத்தம் தாலாட்டு. அமைதிதான் அபாயச் சங்கு.

விடுதியிலோ அமைதி மிகுதி. முதல் வாரம் முழுவதும் அக்கா கொட்டக் கொட்ட விழித்திருந்து, "நங்கி, முழிச்சிருக்கியா?" என்று என்னை எழுப்பிக் கேட்டார்; நங்கி என்பது தங்கைக்குச் சிங்களம். தற்காப்புக்காக ஒரு கேசட்டைக் கொடுத்தேன். பெங்களூரில் படித்துவந்த என் பெரியம்மா மகன் அனுப்பியது அது. ஆங்கிலத்தில் பாடும் அவ்வூர் இளைஞர் குழுவொன்று மின்கித்தார்களையும் டிரம்ஸையும் சண்டைக்கு விட்டுப் பதிவுசெய்தது போலிருக்கும். முதல் பாட்டின் இரண்டாம் சரணத்தில் அக்கா உறங்கிப்போனார். அதன்பின் ஒவ்வோர் இரவும் அதே பாட்டு, அதே சரணம், அதே குறட்டை.

இரண்டு ஆண்டுகள் இப்படிக் கழிந்தபின், ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"எனக்கு ஒரு கவலை இருக்கு நங்கி. அந்தப் பாட்டுல வர்ற ஆளு, கடைசி பஸ்ஸ விட்டுட்டு மழையில ரோட்ல நிக்கிறான். அந்த எடத்துல நான் தூங்கிர்றேன். ரெண்டு வருசமா அவன் ரோட்லயே நிக்கிறான்."

"பகல்ல போட்டுக் கேளுங்களேன் அக்கா."

"பகல்லயும் தூங்கிட்டேன். நான் லெக்சருக்கு வராத அன்னைக்கெல்லாம் என்ன செஞ்சேன்னு நெனச்ச?"

"சரி, முடிவ நான் சொல்றேன்."

"வாயத் தொறந்த, பேசவே மாட்டேன். அவங்க பாடுற எடத்துக்கே போயி, நின்னுக்கிட்டு, முழிச்சுக்கிட்டுக் கேக்கணும்."

அது எங்கள் தீவில் போர்நிறுத்தக் காலம். நாட்டுக்கே பயணம் போகும் ஆசை வந்திருந்தது. என் அப்பாவிடம் அனுமதி கேட்க அக்காவே எங்கள் ஊரான யட்டியாந்தோட்டைக்கு வந்தார். இரண்டு பெண்பிள்ளைகளுக்குப் பெங்களூரில் இரவில் என்ன வேலை என்பது அப்பாவின் கேள்வி.

"மாமா, சத்தம் கேட்டா நான் தூங்கிருவேன். தூங்குறவள விட்டுட்டு இவ எங்க போகப் போறா?"

அப்பா என்னைப் பார்த்தார். பஸ்ஸில் நடத்துனரிடம் மிச்சக் காசு கேட்கவே தயங்குகிறவள் நான் என்பது அவருக்குத் தெரியும். அனுமதி கிடைத்தது.

முதுகுப்பையை அக்கா தோளில் மாட்டவில்லை. அதில் ஒரு கயிற்றைக் கட்டி, கயிற்றை உச்சந்தலையில் போட்டு, கொழுந்துக்கூடையைப் போல முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டார். "தோளு எதுக்கு நோகணும்? தலை சும்மாதானே இருக்கு" என்பது அவர் வாதம். பெங்களூரின் மகாத்மா காந்தி சாலையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் பச்சை நிறத் தலைமுடிக்காரன் ஒருவன் தன் பையையும் அவ்வாறே மாட்டிக்கொண்டு நடந்ததை நான் கண்ணால் கண்டேன்.

முதல் மாலை, ஒருவர் மெல்ல வயலின் வாசிக்கும் தேநீர் விடுதிக்குப் போனோம். அக்கா ஆந்தைபோல் விழித்திருந்து, கோப்பையை முகர்ந்து, "இத எங்க பெக்டரியில கூட்டி அள்ளுவோம்" என்று பரிமாறியவரிடமே தெரிவித்தார். இரண்டாம் மாலை, கூரை அதிரும் நிலவறை ஒன்று. அங்கே நின்றபடியே தூங்கினார். கையிலிருந்த ஆரஞ்சுச் சாறு ஒரு துளியும் சிந்தவில்லை. இசையில் கரைந்துவிட்ட பெரிய ரசிகை என்று எண்ணிச் சுற்றியிருந்தவர்கள் மரியாதையாக விலகி நின்றார்கள். திரும்பும் வழியில் ஆட்டோவில் தூங்கினார். சாலையைக் கடக்கக் காத்திருந்தபோதும் தூங்கினார்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. அந்தக் குழு பாடும் நாள் அதுதான். மறுநாள் காலை எங்களுக்கு ரயில். இதை விட்டால் அந்த மனிதன் ஆயுளுக்கும் ரோட்டிலேயே நிற்க வேண்டியதுதான். அக்கா ஆயத்தமாக ஒரு போத்தல் கட்டச் சம்பலுடன், கண்ணீர் வரவைக்கும் எங்கள் ஊர் மிளகாய்த் துவையலுடன், புறப்பட்டார். வாசலில் பைகளைச் சோதித்த காவலர் கிருஷ்ணகிரிக்காரர். போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"முழிக்கிற மருந்துங்க. கொச்சிக்காயும் மாசிக் கருவாடும் போட்டு இடிச்சது. நாக்குல வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். அவர் இன்றும் விழித்திருப்பார் என்றே நம்புகிறேன். பேச முடியாமல் கையை அசைத்து எங்களை உள்ளே அனுப்பினார்.

முதல் பாட்டே எங்கள் பாட்டு. அக்கா ஒரு விரல் சம்பலை வாயிலிட்டு, கண்கள் சிவக்க, முதல் சரணத்தைக் கடந்தார்.

"நங்கி, கிள்ளு."

கிள்ளினேன்.

"சோறு திங்கல நீ? பலமா."

பலமாகக் கிள்ளினேன். பஸ் போய்விட்டது, மழை பிடித்துக்கொண்டது, டிரம்ஸ் வேகமெடுத்தது. போத்தலைப் பிடித்த பிடி தளராமலே அக்காவின் தலை என் இடது தோளில் சாய்ந்தது. உலுக்கினேன். பொது இடத்தில் குரல் உயர்த்தி அறியாத நான், அவர் காதுக்குள் கத்தினேன். அவர் இன்னும் ஆழ்ந்து தூங்கினார். சத்தம் போட்டு ரோலர் அக்காவை எழுப்ப முயன்ற அறிவாளி நான்தான்.

அப்போது மின்சாரம் போயிற்று.

கித்தார்கள் ஒரே வீச்சில் ஊமையாயின. திடுக்கிட்ட டிரம்ஸும் நின்றது. அந்த அமைதியில் தோளிலிருந்து தலை நிமிர்ந்தது. கூடத்தின் கடைசிச் சுவர்வரை எட்டும் குரலில் அக்கா கூவினார்:

"அப்பா, மிஷின் நின்னுருச்சு. எந்திரிங்க, கொழுந்து கெட்டுப்போகும்."

இருட்டில், மேடையிலிருந்து பாடகரின் குரல் தமிழிலேயே பதில் சொன்னது.

"ஆமாங்க, நின்னுடுச்சு. கொழுந்து கெடுறதுக்குள்ள நாங்க முடிச்சிடுறோம்."

கூடம் சிரித்தது. பின்பு அவர் ஒலிவாங்கி இல்லாமல், வெறுந்தொண்டையில், விட்ட இடத்திலிருந்து பாடினார். கித்தார் வாசித்தவர் வாயாலேயே கித்தார் வாசித்தார். நாங்கள் எல்லோரும் தொடையில் தட்டித் தாளம் போட்டோம். அக்கா நின்றுகொண்டு, விழித்துக்கொண்டு, கடைசிச் சொல்வரை கேட்டார். பிறகு இருட்டில் ஒரு நீண்ட பெருமூச்சு.

"ஒரு லொறிக்காரன் ஏத்திக்கிட்டான் நங்கி. வீடு போய்ச் சேந்துட்டான்."

"ஆமாம் அக்கா."

"ரெண்டு வருசமா தெரிஞ்சுக்கிட்டே நீ சும்மா இருந்திருக்க. பொல்லாதவ."

மின்சாரம் வந்தது. அடுத்த பாட்டு இடியாக இறங்கியது. அக்காவின் தலை மறுபடியும் என் தோளுக்கு வந்தது. இம்முறை நான் எழுப்பவில்லை.

அக்கா இப்போது றக்வானவில் ஆசிரியை. நான் இசை கேட்கத் தனியாகத்தான் போகிறேன். எல்லோரும் ஆடுவார்கள், நானும் கொஞ்சம் ஆடுவேன். டிரம்ஸ் வேகமெடுத்ததும் என் இடது தோள் மட்டும் தானாக அசைவை நிறுத்திக்கொள்ளும்.