ஐந்து சீப்பு

கண்ணை மூடினால் போன ஜென்மம் தெரியும் என்றார்கள். தில்லைநாதனுக்கு வலது முட்டிதான் தெரிந்தது. அதுவும் இந்த ஜென்மத்து முட்டி.

தியான வகுப்பின் நான்காம் நாள் அது. சிதம்பரத்துக்கு வெளியே, காட்டுமன்னார்கோயில் போகும் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். ஆடி மாதத்தில் யார் கல்யாணம் செய்கிறார்கள்? சும்மா கிடக்கிற மண்டபத்தைப் பத்துப் பத்து நாளாகப் பிடித்து, செம்பியன் அங்கே பௌத்த தியானம் சொல்லிக்கொடுத்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இலங்கையில் பிக்குகளிடம் பயின்றவர். பத்து நாளும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருடைய விதி.

தில்லைநாதன் நான்காம் நாளே திறந்துவிட்டார்.

"சார், ஒரே ஒரு சந்தேகம். செத்துப்போனவங்க எங்க பொறந்திருக்காங்கன்னு இதுல கண்டுபிடிக்க முடியுமா, முடியாதா?"

செம்பியன் கோபப்படவில்லை. "மனசு நல்லா அடங்கினா நம்மளோட முற்பிறவி ஞாபகம் வரும்னு புத்தர் சொல்லியிருக்காரு. அடுத்தவங்க எங்க பொறந்தாங்கன்னு பாக்குறதுக்கு, அதுக்கும் மேல ஒரு கண்ணு தொறக்கணும்."

"எத்தினி நாள்ல தொறக்கும்?"

"நான் முப்பது வருஷமா ஒக்காந்திருக்கேன்."

"தொறந்துடுச்சா?"

"முட்டி வலி போயிடுச்சு."

"அப்ப சும்மா நம்பிக்க வேண்டியதுதானா?"

"நம்பவே வேணாம். 'வந்து பாரு'ன்னுதான் புத்தர் சொன்னாரு. போயி ஒக்காருங்க."

வந்து பாரு. இந்த வார்த்தை தில்லைநாதனுக்குப் பிடித்துப்போயிற்று. கடலூர் சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியின் லேபில் முப்பத்தொரு வருஷம் தரம் பார்த்தவர் அவர். இரண்டு தடவை ரீடிங் எடுக்காமல் ஒரு சாம்பிளையும் வெளியே விட்டதில்லை. அவர் தப்பாக ரிப்போர்ட் கொடுத்தது ஒரே ஒரு தடவைதான். அது லேபில் அல்ல, வீட்டில்.

ஒரு புரட்டாசிக் காலை. மனைவி சௌந்தரம் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "என்னமோ பண்ணுதுங்க" என்றாள். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தில்லைநாதன் ஒரு பார்வை பார்த்தார். "கேஸு" என்றார். ஓமத் தண்ணீர் கலக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். புருஷன் கொடுத்தது என்று அவளும் சொட்டு விடாமல் குடித்திருக்கிறாள். மத்தியானம் போன் வந்தது.

மூன்று வருஷம் ஆகப்போகிறது. "அது ஒங்க தப்பு இல்லப்பா" என்று மகள் வெண்மதி பெங்களூரிலிருந்து வாரா வாரம் சொல்கிறாள். அவள் சொல்லி என்ன ஆகும்? சௌந்தரமல்லவா சொல்ல வேண்டும். எங்கேயாவது பிறந்து அவள் நன்றாக இருக்கிறாளா? தன் மேல் கோபமாக இருக்கிறாளா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முட்டிக்கு வழி செய்ய நாற்காலி கேட்டு வாங்கினார். நாற்காலியில் தூக்கம் வந்தது. தூக்கத்தில் குறட்டை வந்தது. சத்தமே கூடாத மண்டபத்தில் அவர் குறட்டை சமையல்கட்டு வரைக்கும் போயிற்று. காற்றுப் பட்டால் தூங்க மாட்டார் என்று, நாற்காலியோடு அவரை ரோட்டுப் பக்கத்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே காற்று இன்னும் ஜிலுஜிலு என்று வந்தது.

ஏழாம் நாள் காட்சி கிடைத்தது.

பச்சை கேட். பக்கத்தில் முருங்கை மரம். கேட்டைப் பிடித்துத் தொங்கியபடி, இரட்டைக் குடுமி போட்ட ஒரு பெண் குழந்தை. அப்போது எங்கிருந்தோ "காட்டுமன்னார்கோயில்! காட்டுமன்னார்கோயில்!" என்று ஓர் அசரீரி. அசரீரிக்குக் கொஞ்சம் தொண்டை கட்டியிருந்தது. "படியில நிக்காத, உள்ள ஏறு" என்றும் அது சொன்னதை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

செம்பியனிடம் ஓடினார்.

"வந்துடுச்சு சார்!"

"வரும். வந்தது போவும். பாத்துட்டு வுட்டுடுங்க."

வுட்டுடுவதா! மூன்று வருஷத் தவிப்பை வுட்டுடுவதா! தில்லைநாதன் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கடலூருக்கு வந்துவிட்டார்.

வெறுங்கையோடு போய்க் குழந்தையைப் பார்த்தால் அது பரிசோதனை ஆகாது. திபெத்தில் செத்தவருடைய பொருளை வேறு பொருள்களோடு கலந்து குழந்தை முன் வைப்பார்கள், சரியானதை எடுத்தால் அதுதான் ஆள் என்று செம்பியன் ஒரு சாயங்காலப் பேச்சில் சொல்லியிருந்தார். தில்லைநாதன் பீரோவைத் திறந்து சௌந்தரத்தின் சீப்பை எடுத்தார். காப்பிக் கலர் பிளாஸ்டிக் சீப்பு. ஒரு பல் உடைந்தது. மூன்று வருஷமாக அதை அவர் கழுவவில்லை. முகர்ந்தால் தேங்காய் எண்ணெய் வாசம் இருந்தது, அதற்குள்ளே லேசாக அவளும் இருந்தாள்.

திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் அதே மாதிரி நாலு சீப்பு வாங்கினார். வைத்துப் பார்த்தால் நாலும் பளபளவென்று இருந்தன, அவளுடையது மங்கலாக இருந்தது. இப்படி வைத்தால் குருட்டுக் குழந்தைகூட வித்தியாசம் கண்டுபிடித்துவிடும். லேபில் விட்டுவிடுவார்களா? புதுச் சீப்புகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் ஒரு பல்லை உடைத்தார். தேங்காய் எண்ணெய் தடவினார். அடையாளத்துக்கு ஐந்திலும் குட்டிக் குட்டியாக நம்பர் லேபிள் ஒட்டினார். எண்ணெய் ஒன்றில் கூட, ஒன்றில் குறைய என்று தோன்றவே, எல்லாம் ஒரே சீராக இருக்கட்டும் என்று ஐந்தையும் சோப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்தார்.

காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, ஐந்து லேபிளும் தண்ணீர் மேல் தனியாக மிதந்தன.

தில்லைநாதன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். ஐந்திலும் சோப்பு வாசம். முப்பத்தொரு வருஷ அனுபவத்தை மொத்தமாகப் போட்டு அவர் செய்த வேலை அவ்வளவு கச்சிதம். சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தேவனாம்பட்டினத்தில் ஐஸ் கடை வைத்திருக்கும் சௌந்தரத்தின் தம்பி சுப்புராயனுக்குப் போன் போட்டார். அவன் பைக்கில் பறந்து வந்தான்.

"இன்னா மாமா, நெஞ்சு வலியா?"

"இதுல ஒங்கக்கா சீப்பு எது மச்சான்?"

சுப்புராயன் ஐந்து சீப்பையும் பார்த்தான். மாமாவையும் பார்த்தான்.

"அக்கா சீப்பு எனக்கு எப்படி மாமா தெரியும்? சின்னப் புள்ளையில சீப்பத் தொட்டாலே அக்கா அடிக்கும்."

"நல்லா பாருடா."

அவன் நல்லாப் பார்ப்பதற்காக ஒன்றை எடுத்துத் தன் தலையை வாரிப் பார்த்தான். பிறகு ஒவ்வொன்றாக மற்ற நாலும். "இது கொஞ்சம் நல்லா வாருது மாமா" என்றான். இப்போது ஐந்திலும் சுப்புராயன் வாசம் வந்துவிட்டது.

"கெடுத்துட்டியேடா!" என்று கத்திவிட்டு, தில்லைநாதன் ஐந்தையும் மறுபடி கழுவினார். அவளைத் தேடப் போய், அவளுடையது என்று மிச்சமிருந்த ஒன்றையும் தொலைத்தாகிவிட்டது. இனி அது எது என்று சொல்லக்கூடிய ஜீவன் உலகத்தில் ஒன்றுதான். அது காட்டுமன்னார்கோயிலில் பச்சை கேட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சிலம்பரசன் என்று பெயர் எழுதிய ஆட்டோவிடம் போனார்.

"தம்பி, தெரு பேரு தெரியாது. பச்சை கேட்டு, முருங்க மரம், மூணு வயசுக்குள்ள ஒரு பொண்ணு..."

"ஏறுங்க சார்" என்றான் சிலம்பரசன்.

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதே, இதுவே பாதி நிரூபணம் என்று தில்லைநாதனுக்குப் புல்லரித்தது. ஐந்து நிமிஷத்தில் ஆட்டோ நின்றது. பச்சை கேட். முருங்கை மரம். கேட்டில் தொங்கியபடி இரட்டைக் குடுமி!

குழந்தையின் அம்மா இளமதி வெளியே வந்தாள். என்ன சொல்லி உள்ளே போவது என்று பஸ்ஸில் வழி நெடுகப் பாடம் பண்ணியிருந்தார். அவளோ எதையும் கேட்கவில்லை.

"வாங்கய்யா, உள்ள வந்து ஒக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க."

நல்ல மனசுள்ள வீடு, சௌந்தரம் இடம் பார்த்துத்தான் பிறந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கொண்டுவந்த பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். இளமதி அதைச் சுவரலமாரியில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே பிஸ்கட் பாக்கெட் அடுக்கி வைத்திருந்தது. கடை கிடை வைத்திருக்கிறார்கள் போலும்.

"கொழந்த எப்பம்மா பொறந்தது?"

"கார்த்திகையிலங்க. வர்ற கார்த்திகைக்கு மூணு முடியுது."

சௌந்தரம் போனது புரட்டாசி. இரண்டு மாசம்தான் இடைவெளி. வயிற்றில் இருந்த காலத்தைச் சேர்த்தால் கணக்கு ஏழெட்டு மாசம் இடித்தது. தில்லைநாதன் அந்த ஏழெட்டு மாசத்தைப் பிழை வரம்பில் தள்ளினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. ஒரு சின்ன டெஸ்ட்டு. கொழந்தய ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"பண்ணுங்கய்யா. கயலு, இங்க வாடி. தாத்தா இன்னா கொண்டாந்திருக்காங்க பாரு."

பாயில் ஐந்து சீப்பையும் வரிசையாக வைத்தார். கயல் வந்து உட்கார்ந்தாள். ஐந்தையும் வாரி எடுத்தாள். ஐந்தையும் ஐந்து திசையில் வீசினாள்.

"இது கணக்குல சேராது" என்று தில்லைநாதன் முட்டி போட்டுத் தவழ்ந்து எல்லாவற்றையும் பொறுக்கி வந்து மறுபடி வைத்தார். இந்தத் தடவை குழந்தை ஒவ்வொன்றாகப் பார்த்தது. நடுவில் இருந்ததைத் தொட்டது. விட்டது. ஓரத்தில் இருந்த ஒன்றை எடுத்தது. எழுந்து அவர் பக்கத்தில் வந்து, ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அவருடைய வழுக்கைத் தலையை முன்னாலிருந்து பின்னால் மெதுவாக வார ஆரம்பித்தது.

தில்லைநாதனுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

"நல்லா இருக்கியாம்மா?" என்றார்.

"ம்."

"எம்மேல கோவமா இருக்கியா?"

கயல் தலையை இடமும் வலமுமாகப் பலமாக ஆட்டினாள். குடுமி இரண்டும் பறந்தன.

"இல்ல" என்றாள். பிறகு, "தாத்தா, அழாத" என்றாள்.

அவ்வளவுதான். அறுபது வயசு மனிதர், முன்பின் தெரியாத வீட்டில், பாயில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். இளமதி தடுக்கவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, முடியட்டும் என்று சுவரோரம் நின்றாள். அழ அழ நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று இறங்கி எங்கேயோ போயிற்று. மூன்று வருஷத்தில் முதன்முறையாக அவருக்கு நன்றாக மூச்சு வந்தது.

முப்பத்தொரு வருஷம் எதற்கும் இரண்டாவது ரீடிங் எடுத்த மனிதர், அன்றைக்கு எடுக்கவில்லை.

கயல் எடுத்த சீப்பைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மற்ற நாலையும், "இது எனக்கு வேணாம்மா, கொழந்த வெளையாடட்டும்" என்று இளமதியிடம் கொடுத்தார். கயலின் தலையைத் தொட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார். சிலம்பரசன் போகாமல் முருங்கை மர நிழலில் ஆட்டோவை நிறுத்திக் காத்திருந்தான்.

தில்லைநாதன் ஏறி உட்கார்ந்து, மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"சுகமா அழுதுட்டீங்களா சார்? மண்டபத்துலேர்ந்து இந்த ஆடிக்கு நீங்க நாலாவது ஆளு" என்றான் சிலம்பரசன், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "டீச்சரம்மாவுக்கு அது மவன், பேங்க்காரருக்கு அப்பா, முந்தாநேத்து வந்த அம்மாவுக்கு மாமியாரு. ஒங்களுக்கு யாரு சார்?"